விடியற்காலையில் அடித்த இரும்பு

அந்தமானில் ஐந்து மணிக்கே பளிச்சென்று விடிந்துவிடும். மாயாபந்தருக்குத் தெற்கே, காட்டை வெட்டி ரோடு போடும் முகாமில் நான் கிளார்க். எனக்கிருந்த இரும்படிக்கும் ஆசைக்கு அந்த நேரம்தான் கிடைத்தது. ஆபீஸ் திறக்கும்வரை, உடைந்த லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சிக் கத்தி அடிப்பேன். அடித்ததை ஆறட்டும் என்று வெளியிலேயே போட்டுவிடுவேன்.

“பாபு, லோஹா, இரும்பு எதையும் வெளிய போடாதீங்க. இந்தக் காட்டு ஜாரவா ஜனங்க எடுத்துட்டுப் போய் அம்பு முனை பண்ணிடுவாங்க” என்றார் லாரி டிரைவர்.

“என் கத்தி கீரைகூட நறுக்காது. எடுத்துட்டுப் போகட்டும்” என்று சிரித்தேன். அதுபோலவே ஒன்று காணாமல் போனது.

ஒருநாள் காலை என் மனைவி வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். விர்ரென்று ஒரு சத்தம். அவள் தலைக்கு ஒரு சாண் மேலே, கதவில் தைத்த அம்பு ஆடிக்கொண்டிருந்தது. அவளை உள்ளே இழுத்துத் தாழ் போட்டேன்.

வெகுநேரம் கழித்து டிரைவர் அம்பைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். முனையைப் பளபளவென்று தீட்டியிருந்தார்கள். ஆனால் அதன் நடுவில், என் சுத்தியல் பிசகி விழுந்த பள்ளம் அப்படியே இருந்தது.

“இது... நீங்க அடிச்சதா?” என்றாள் அவள். அந்தப் பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தேன்.

அவர்கள் காட்டைத்தான் நாங்கள் வெட்டிக்கொண்டிருந்தோம் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. அந்த ஒரு சாண், குறி தப்பியதா, போகட்டும் என்று விட்டதா? இன்றுவரை தெரியவில்லை.