ஜஹானாரா செய்து தந்த கதாநாயகிகள்

சேலம், நாமக்கல் இரண்டு மாவட்டத்திலும் சேர்த்து நானூற்றுச் சொச்சம் பெண்களைக் கதாநாயகி ஆக்கியவள் ஜஹானாரா. அவர்களில் ஒருத்தியைக்கூட அவள் நேரில் பார்த்ததில்லை. அயோத்தியாப்பட்டணத்தில் வீட்டு மாடி அறையில், பீரோவுக்கும் தையல் மெஷினுக்கும் நடுவே கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையும் பெண்ணும் ஆடிப்பாடி எடுத்துக்கொள்கிற ‘ப்ரீ வெட்டிங்’ படங்களை வெட்டி ஒட்டிக் கொடுப்பது அவள் தொழில். டவுனில் ஸ்டுடியோ வைத்திருக்கும் கவின் படம் பிடிப்பான். ஹார்ட் டிஸ்க் ஸ்கூட்டரில் வந்து இறங்கும். பத்து நாளில் கதாநாயகி தயார்.

கதாநாயகி என்றால் என்ன செய்ய வேண்டும் என்பதில் கவினுக்குச் சந்தேகமே கிடையாது. ஓட வேண்டும். ஓடும்போது திரும்பிப் பார்க்க வேண்டும். காரணமில்லாமல் கோபித்துக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளை அவள் பின்னாலேயே வந்து கெஞ்ச வேண்டும். வேண்டாம் போ என்று இவள் கையை உதற, அவன் மறுபடி பிடிக்க, கடைசியில் தலையைக் குனிந்து சிரிக்க வேண்டும். நடுவில் ஏதாவது ஒரு குட்டியைக் கொஞ்ச வேண்டும். நாய்க்குட்டியோ ஆட்டுக்குட்டியோ, கிடைத்தது எதுவோ அது. பெண் பேங்க் மேனேஜராக இருந்தாலும் சரி, டாக்டர் பட்டம் வாங்கியவளாக இருந்தாலும் சரி, யாருக்கும் விலக்கு இல்லை. கவினைச் சொல்லிக் குற்றமில்லை. ஐம்பது அறுபது வருஷமாகக் காதல் படங்களில் பெண்ணுக்குக் கொடுத்து வைத்த வேலையே இவ்வளவுதான்.

ஜஹானாராவின் புருஷன் ஹபீபுக்குச் செவ்வாய்பேட்டையில் லாரித் தார்ப்பாய்க் கடை. காதல் படம் என்றால் அவனுக்கு உயிர். ராத்திரிச் சோற்றுத் தட்டோடு வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வான்.

“என்ன வெகுளித்தனம் பாரு அந்தப் பொண்ணுக்கு! பொண்ணுன்னா இப்படி இருக்கணும்.”

“வெகுளி வேணும்னா என்னை எதுக்குங்க கட்டினீங்க?”

“பொண்ணு பார்க்க வந்தப்ப நீ குனிஞ்ச தலை நிமிரலையே ஜஹான்!”

“கழுத்துல சுளுக்கு.”

ஹபீப் இன்றுவரை அதை நம்பவில்லை.

மகள் மெஹ்ரீன் கைக்குழந்தையாக இருந்தபோது போனைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்ட தொழில் இது. வெளியே போகாத வேலையென்றால் சரி என்று மாமனார் தலையாட்டினார். எட்டு வருஷத்தில் கல்யாண ஆல்பத்திலிருந்து படத்துக்கு ஏறினாள். வருகிற வேலையில் ஐந்தில் நாலு பங்கு கவின் கொடுப்பது. அவன் விதித்த கட்டளை ஒன்றே ஒன்று: வெட்டாத படம் அவள் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது.

இந்தத் தொழிலில் முதல் காரியம் சத்தத்தைக் கொல்வது. காமிரா படத்தோடு சேர்த்து அங்கே பேசிய பேச்சையும் பிடித்துக்கொண்டு வரும். அதை அடியோடு அழித்துவிட்டு மேலே பாட்டைப் போட வேண்டும். ஜஹானாரா கொல்வதற்கு முன்னால் ஒரு தடவை கேட்டுவிடுவாள். யாருக்கும் சொல்லாத சுகம் அது. படத்தில் ஒருத்தி காதல் மீறிக் கண்ணைச் செருகுவாள். காதுக்குள் “ஏனுங்க, கட்டெறும்பு ஏறிருச்சுங்க, பாவாடைக்குள்ள” என்பாள். இன்னொருத்தி மாப்பிள்ளை தோளில் சாய்ந்து உருகுவாள். சத்தத்தில் அவர்கள் கிணற்று மோட்டாருக்கு எத்தனை குதிரைத்திறன் போடலாம் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். பாட்டைப் போட்டதும் மோட்டார் காதலாகிவிடும். ஜஹானாராவுக்கு அந்தப் பெண்களைச் சத்தத்தோடுதான் பிடிக்கும். ஆனால் சத்தத்தோடு யாரும் படம் கேட்பதில்லை.

அப்படித்தான் போன தை மாதம் ஹார்ட் டிஸ்க்கில் தமிழினி வந்தாள். சேந்தமங்கலத்துக்காரி. நாமக்கல்லில் ஒரு குஞ்சுப் பொரிப்பகத்தில் கால்நடை மருத்துவர். மாப்பிள்ளை நந்தகுமார், திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்து ஊர் ஊராகப் போர்வெல் போடுகிற குடும்பம். கவின் தன் வழக்கப்படி மஞ்சள் கோழிக்குஞ்சு ஒன்றைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்து, கன்னத்தோடு வைத்துக் கொஞ்சச் சொல்லியிருக்கிறான். அவளோ குஞ்சைக் குப்புறத் திருப்பி வயிற்றை உற்றுப் பார்த்துவிட்டு, “இதுக்குத் தொப்புளே மூடலீங்க, சீப்பிடிச்சுக் கெடக்குது. எங்க வாங்குனீங்க?” என்று கேட்கிறாள். “அக்கா, கொஞ்சினாப் போதும்” என்று கவின் கெஞ்சுகிறான். ஜஹானாரா வாயைப் பொத்திக்கொண்டு மூன்று தடவை கேட்டாள்.

நாலாவது கோப்பில் ஒரு நெருக்கக் காட்சி. கவின் அதற்குப் பெயரே ‘தங்கம்’ என்று வைத்து அனுப்பியிருந்தான். மலை அடிவாரத்தில் சாயங்கால வெயில். நந்தகுமார் அவள் காதருகே ஏதோ சொல்கிறான். அவள் நிமிர்ந்து பார்க்கிறாள், உதடு லேசாக நடுங்குகிறது, கண் நிறைகிறது, மெதுவாகத் தலை குனிகிறது. எந்த நடிகையும் இவ்வளவு சுத்தமாக வெட்கப்பட்டதில்லை. நாலு வரி காதல் வசனம் பேச வைக்கலாம் என்று மாப்பிள்ளை சட்டைக்குள் மைக் மாட்டியிருந்ததால் பேச்சும் தெளிவாக இருந்தது.

“கல்யாணத்துக்கப்புறம் கோழிக்கு ஊசி போட்டுக்கிட்டுத் திரிய வேண்டாம். எங்க ஊட்டுப் பொம்பளைங்க வேலைக்குப் போறதில்ல.”

“பொண்ணு பாக்க வந்தப்ப போலாம்னு சொன்னீங்களே?”

“அப்பச் சொன்னது அப்ப. இல்லாட்டி ஒத்துக்கிட்டிருப்பியா? அழுகாத, கேமராவைப் பாரு, சிரி.”

ஜஹானாரா காதிலிருந்து ஒயரை உருவிப் போட்டாள். அந்தப் பெண் ஐந்து வருஷம் படித்து, மூன்று வருஷம் வேலை பார்த்தவள் என்பது டிஸ்க்கோடு வந்த பதிவுத் தாளில் இருந்தது. கல்யாணத்துக்கு இருபத்தொரு நாள் இருந்தது. இதற்கு மேலே வயலின் போட்டு, காற்றில் முடி பறக்கவிட்டு, கண்ணீரில் கொஞ்சம் மினுக்கம் கூட்ட வேண்டியது அவள் வேலை. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனாள்.

இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் அந்தத் துண்டைச் சத்தத்தோடு, தாளில் இருந்த தமிழினியின் நம்பருக்கு அனுப்பிவிட்டாள். ஒரு பெண்ணைக் காப்பாற்றிவிட்டோம் என்று பெருமை. படத்தில் கடைசி நிமிஷத்தில் வந்து தாலியைத் தட்டிவிடுகிறவன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பத்து நிமிஷத்தில் தமிழினி கூப்பிட்டாள்.

“அக்கா, அனுப்பிச்சதெல்லாம் சரிங்க. ஆனா நானும் அங்கதானுங்க இருந்தேன்.”

ஜஹானாராவுக்கு அசடு வழிந்தது. உண்மைதானே! அந்தப் பெண்ணின் காதில் சொன்னதை அந்தப் பெண்ணுக்கே சொல்லிக் கொடுக்கப் போனோமே!

“அன்னைக்கே அப்பாகிட்டச் சொன்னேனுங்க” என்றாள் தமிழினி. “அவரு மாப்பிள்ளையைக் கேட்டாரு. அப்படி ஒரு பேச்சே பேசலீங்க மாமான்னு மாப்பிள்ளை சாதிச்சுப்போட்டாரு. அப்பா என்னையத்தான், கல்யாணப் பயத்துல ஒளர்றேன்னாரு. இதை அழிச்சுராதீங்க அக்கா.”

மறுநாள் மறுபடி கூப்பிட்டாள். தன் போனில் அப்பாவுக்குப் போட்டுக் காட்டியாயிற்றாம். இந்தக் காலத்தில் கம்ப்யூட்டரில் யார் குரலை வேண்டுமானாலும் செய்யலாம், இது ஜோடித்தது என்று நந்தகுமார் சொல்லிவிட்டானாம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து பேசப் போகிறார்கள்.

“நீங்க வந்து, காமிராவுல வந்தது இதுதான்னு ஒரு வார்த்தை சொல்லோணுங்க. உங்களுக்குச் சிரமம்னா வேண்டாங்க்கா. என்ற வேலை போறதுக்கு உங்க வேலையும் போக வேண்டாம்.”

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால் ஜஹானாரா ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பாள். போனால் கவினுக்குத் தெரியாமல் இருக்காது. எட்டு வருஷத் தொழில். ஹபீபிடம் சொன்னாள். அவன் தட்டைக் கீழே வைத்தான்.

“மாப்பிள்ளை நல்லவனா மாறிடுவானோ என்னவோ. படத்துலெல்லாம் மாறிடுவான்.”

“அதுக்குள்ள அந்தப் புள்ளைக்கு வயசாயிரும்” என்றாள் ஜஹானாரா.

ஞாயிற்றுக்கிழமை ஹார்ட் டிஸ்க்கைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, புர்காவை மாட்டிக்கொண்டு, பஸ் ஏறி சேந்தமங்கலம் போய் இறங்கினாள். முதல் தடவையாகத் தன் கதாநாயகி ஒருத்தியை முழு உருவத்தில் பார்த்தாள். படத்தில் பார்த்ததைவிடக் குள்ளம். கையில் ஊசி மருந்தின் வாடை.

கூடத்தில் பெரிய டிவி. சோபாவில் நந்தகுமார், அவன் அம்மா அங்கம்மாள், ஒரு தாய்மாமன். எதிரே தமிழினியின் அப்பா கந்தப்பன், அம்மா சௌந்திரம். “வாங்க அம்மிணி, உக்காருங்க” என்று கந்தப்பன் மரியாதையாகத்தான் கூப்பிட்டார். ஆனால் முகம் கொடுக்கவில்லை.

ஜஹானாரா டிஸ்க்கைச் செருகி, தேதி நேரம் எல்லாம் காட்டி, “இது காமிராவுல வந்தபடியே இருக்குதுங்க. நான் எதையும் தொடலை” என்றாள். படத்தை ஓடவிட்டாள்.

ஐம்பத்தைந்து அங்குலத்தில் தமிழினியின் கண் நிறைந்தது. சாயங்கால வெயில் கன்னத்தில் வழிந்தது. குரல்கள் கணீரென்றுதான் கேட்டன. ஆனால் அங்கம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, “ஏஞ்சாமி, என்ன அழகா இருக்கறா! கண்ணே பட்டுரும்!” என்றாள். தாய்மாமன், “சினிமா தோத்துதுங்க” என்றார். கந்தப்பனே மகளைப் பார்த்து நெகிழ்ந்துபோய்த் துண்டை எடுத்தார். படம் முடிந்தது, பேச்சு யார் காதிலும் ஏறவில்லை. “இன்னொருக்காப் போடுங்க” என்றாள் அங்கம்மாள் ஆசையாக.

ஜஹானாராவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. குற்றம் இவர்களுடையது மட்டுமா? இப்படிப் பார்க்கத்தானே அவளும் எட்டு வருஷமாகச் சம்பளத்துக்கு ஊரைப் பழக்கியிருக்கிறாள்! பெண் அழுதால் அழகு, மறுத்தால் அழகு, உதறினால் அழகு. வாயில் என்ன சொல்கிறாள் என்று யார் கேட்டார்கள்?

மறுபடி போட்டாள். இந்த முறை படத்தை அணைத்துவிட்டு.

கறுப்புத் திரையிலிருந்து நந்தகுமாரின் குரல் வந்தது. எங்க ஊட்டுப் பொம்பளைங்க வேலைக்குப் போறதில்ல. பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாததால் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்கள். இல்லாட்டி ஒத்துக்கிட்டிருப்பியா. சௌந்திரம் சட்டென்று நிமிர்ந்தாள். அழுகாத, கேமராவைப் பாரு, சிரி. அதற்குப் பின் ஒரு மூக்குறிஞ்சல். அது யாருடையது என்று கந்தப்பனுக்குத் தெரியாமல் இருக்குமா? சின்ன வயதிலிருந்து கேட்ட சத்தம்.

“நந்தா, இது நீ பேசுனதா?” என்றாள் அங்கம்மாள்.

“சும்மா வெளையாட்டுக்குங்கம்மா.”

“அப்ப இப்பச் சொல்லுங்க” என்றாள் தமிழினி. குரல் உயரவில்லை, உதடும் நடுங்கவில்லை. “வேலைக்குப் போலாமா, வேண்டாமா?”

படமாக இருந்தால் இந்த இடத்தில் புல்லாங்குழல் வரும், அவன் கண் கலங்கி அவள் கையைப் பிடிப்பான். நந்தகுமார் அம்மாவைப் பார்த்தான். அம்மா தன் தம்பியைப் பார்த்தாள். தாய்மாமன் செருமிக்கொண்டு, “அதெல்லாம் கல்யாணத்துக்கப்புறம் பேசிக்கலாமுங்க” என்றார்.

கந்தப்பன் எழுந்து நின்றார். “அப்புறம் பேச என்னுங்க இருக்குது? ஏமாத்திக் கேட்ட பொண்ணை நான் குடுக்கறதா இல்லீங்க. சௌந்திரம், காப்பி கொண்டா. இருந்து குடிச்சுட்டுப் போகட்டும்.”

குடித்தார்கள். கொங்கு நாட்டில் சம்பந்தமே முறிந்தாலும் காப்பியை மறுக்க மாட்டார்கள். தமிழினி அழவில்லை. வாசல் வரை வந்து ஜஹானாராவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “நாளைக்கு எனக்குக் காலை ஷிஃப்டுங்க அக்கா, இல்லாட்டி நானே சேலம் வரைக்கும் கொண்டாந்து உட்டிருப்பேன்” என்றாள். ஜஹானாராவுக்கு அந்தப் பிள்ளையை நெஞ்சாரப் பிடித்திருந்தது.

பஸ்ஸுக்கு நிற்கும்போது கவின் கூப்பிட்டான். செய்தி அதற்குள் போய்விட்டிருந்தது. கத்தவில்லை, அவன் நல்ல பையன்தான்.

“இனிமே உங்களுக்கு வேலை குடுக்க முடியாதுங்க்கா. ஊர்ல எவன் என்னை நம்பிக் கூப்பிடுவான்? டிஸ்க்கை நாளைக்கு ஆள் வந்து வாங்கிக்குவான்.”

“சரி தம்பி.” எதிர்பார்த்து வந்ததுதான்.

“ஒரே ஒரு உதவிங்க்கா. அந்த ‘தங்கம்’ ஷாட்டை மட்டும் உங்க கையால கலர் சரிபண்ணிக் குடுத்துருங்க. பேர் ஊர் எதுவும் வராது. அடுத்து வர்ற பொண்ணுங்களுக்குக் காட்டணும். எப்படி வெக்கப்படறதுன்னு எவ்வளவு சொன்னாலும் புரிய மாட்டேங்குது.”

“தம்பி, அந்தப் பொண்ணு வெக்கப்படலை. அழுதுச்சு.”

“தெரியுங்க்கா” என்றான் கவின். “அதனாலதானே நல்லா வந்துச்சு.”

அதற்கு ஜஹானாரா சொன்ன வார்த்தையை எந்தக் காதல் படத்திலும் எந்தக் கதாநாயகியும் சொன்னதில்லை. பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். போனில் கேட்காமல் போயிருக்குமோ என்று அவள் அதை இன்னொரு தடவை, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.