மூட்டையில் எழுதிய இங்கிலீஷ்

திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டியில் ராஜவேலுவுக்கு வேலை, மூட்டைகளில் வியாபாரியின் மார்க்கை மையால் எழுதுவது. எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன். சர்வீஸ் கமிஷன் குமாஸ்தா பரீட்சையில் இரண்டு தடவை மண்ணைக் கவ்வியிருந்தான். இரண்டு தடவையும் காலை வாரியது இங்கிலீஷ் பேப்பர். 1958-இல் அவனுக்கு இருபத்தைந்து முடியப்போகிறது. அதற்கு மேல் எழுத வயது இடம் கொடுக்காது.

சளைக்கிற ஆளா அவன்? தினமும் பத்து மூட்டையில், மார்க்குக்குக் கீழே, சாக்கட்டியால் பத்து கடினமான வார்த்தை எழுதுவான். சுமைக்காரர்கள் மூட்டையைத் தூக்குவதற்குள் பொருள் மனப்பாடமாக வேண்டும். எட்டு மாதம் இந்தக் கூத்து நடந்தது.

கடலூரில் பரீட்சை. அதற்கு முந்தின நாள், சாயங்காலம் ரயிலேறவேண்டிய அன்று பார்த்துச் சாக்கட்டி தீர்ந்துபோயிற்று. அவசரக்குடுக்கை, மார்க்கு மையிலேயே எழுதித் தொலைத்தான். சுமைக்காரர்களுக்கு எழுத்துத் தெரியாது. மார்க்கின் வடிவம் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். சாக்கட்டிக் கிறுக்கலை அவர்கள் சட்டை செய்ததில்லை. மார்க்குக்குக் கீழே மையில் இன்னொரு எழுத்து இருந்தால், அவர்கள் கணக்கில் அது வேறு வியாபாரியின் சரக்கு. பத்தையும் ஓரங்கட்டிவிட்டு மீதியை வண்டியில் ஸ்டேஷனுக்கு அனுப்பிவிட்டார்கள்.

முதலாளி சீனுவாசன் குதித்தார். "பத்தையும் வேற கோணியில மாத்தி ஸ்டேஷன்ல சேத்துட்டு எங்கன்னா போ!"

மணி மூன்று. ஐந்தேகாலுக்கு ரயில். தன் கையாலேயே கெடுத்துக்கொண்டோமே என்று ராஜவேலுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சுமைக்கார மேஸ்திரி பச்சைமுத்து கோணி ஊசியோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். "ஏன்டா அழுதுகினு நிக்கிற? ஓரங்கட்னது நாங்கதான. இதுல இன்னா எழுதிகீற?"

"ரிலக்டன்ட்."

"அப்டின்னா?"

"மனசில்லாம செய்றதுண்ணே."

"செரி, அவுத்துக் கொட்டு. அடுத்தது?"

ஒவ்வொரு மூட்டைக்கும் கேட்டார். ராஜவேலு அவிழ்த்துக் கொட்டிக்கொண்டே சொன்னான். சொல்லச் சொல்ல அழுகை அடங்கிக் கை வேகம் பிடித்தது. ஏழு மூட்டை முடிந்தபோது மணி நாலரை. பச்சைமுத்து கோணியை அவன் கையிலிருந்து பிடுங்கினார்.

"நீ கெளம்பு."

"இன்னும் மூணு இருக்குண்ணே. மொதலாளி திட்டுவாரு."

"மூட்டை கட்ட நாங்க இருக்கோம். உனக்குப் பதிலா பரீட்சை எழுத இங்க எவன் இருக்கான்? ஜல்தி ஓடுடா!"

ஓடினான். விழுப்புரத்தில் வண்டி மாறி, கடலூர் போய் எழுதிவிட்டு வந்தான். நாலு மாதம் கழித்து ரிசல்ட் வந்த அன்று மண்டிக்குள் மூச்சிரைக்க நுழைந்தான்.

"தேறிட்டேண்ணே!"

பச்சைமுத்து முதுகிலிருந்த மூட்டையை இறக்கி வைத்தார். மற்ற சுமைக்காரர்களும் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி வந்து நின்றார்கள்.

"தேறிட்டேனா? தேறிட்டோம்னு சொல்லுடா!"