காகித ரவிக்கையின் இடது பக்கம்

அற்புதமேரி அவர்கள் காலமான செய்தி, இலுப்பூரில் எங்கள் தையல் கடையைத் திறந்து நான் மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வந்தது. போனில் பேசியவர் அவருடைய தங்கை செலின். "அக்கா விடியக்காலம் போயிருச்சுங்க. நாளைக்கிக் காலையில அடக்கம். வெள்ளச் சேல இருக்கு. ஜாக்கெட்டு மட்டும் நீங்கதான் தைக்கணும்" என்றார். சரி என்றேன். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எடது பக்கம் பஞ்சு வச்சுத் தச்சுருங்க. சனம் பூரா வந்து பாக்கும்ல" என்றார்.

அதற்கு மட்டும் நான் சரி என்று சொல்லவில்லை. "சாயங்காலம் கொண்டாரேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அழ வேண்டிய நேரத்தில் எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அது ஏன் என்று புரிய வேண்டுமானால் மேரி யார் என்று சொல்ல வேண்டும்.

காகிதத்தில் ஊசி நூலால் தைக்கிற கலைஞர் என்று வெளியூர்களில் அவரை அறிந்தவர்களுக்கு எங்கள் கடை தெரியாது. கடைக்கு வந்து போகிறவர்களில் பாதிப் பேருக்கு அவர் கலைஞர் என்பது தெரியாது. இரண்டு தரப்புக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

மேரி ஆவூர்ப் பக்கத்துக்காரர். திருமணம் செய்துகொள்ளவில்லை. தங்கை குடும்பத்தோடு இருந்துகொண்டு தினமும் பஸ்ஸில் கடைக்கு வருவார். போர்டில் 'செல்வி டெய்லர்ஸ்' என்று என் பெயர் இருந்தாலும் கடை இருவருக்கும் பொது. வெட்டுவதும் மிஷினில் தைப்பதும் நான். ஓரம் மடித்துத் தைக்கும் ஹெம்மிங், ஊக்கு, காஜா என்று கையால் செய்கிற எல்லாமும் அவர். எங்களுக்கு ஏறக்குறைய ஒரே வயதுதான். இருந்தும் கடைசிவரை 'வாங்க, போங்க' என்றே பேசிக்கொண்டோம். சண்டை போடும்போதுகூட மரியாதை குறையாது. "நீங்க வெட்டுன லெச்சணம் அப்படிங்க" என்பார்.

தையல் கடையில் ஒவ்வொருவருக்கும் ஒரு காகித வெட்டு இருக்கும். முன்பக்கம், முதுகு, கை எல்லாவற்றையும் பழுப்புத் தாளில் அவரவர் அளவுக்கு வெட்டி, கம்பியில் கோத்துத் தொங்கவிட்டிருப்போம். ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகி அந்தக் கொத்து நனைந்துவிட்டது. காயவைத்து எடுத்தால் பல தாள்கள் கிழிந்திருந்தன. புதிதாக வெட்டிக்கொள்ளலாம் என்றேன் நான். மேரி கேட்கவில்லை. மீந்துபோன பச்சை நூலை எடுத்துக் கிழிசல்களைத் தைக்க ஆரம்பித்தார். தைத்த தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர், அன்று மாலை பஸ்ஸைத் தவறவிட்டார்.

அதன்பிறகு கை வேலை முடிந்த நேரமெல்லாம் தாளும் ஊசியும்தான். அவர் வேலை செய்யும் விதம் எனக்கு மனப்பாடம். முதலில் தாளைக் கசக்குவார். உள்ளங்கையால் தேய்த்து விரிப்பார், மறுபடி கசக்குவார். நைந்த துணிபோல அது வளைந்து கொடுக்கிறவரை விடமாட்டார். பிறகு கஞ்சி தடவிக் காயவைப்பார். கோவிலில் எரிந்து மீந்த மெழுகுவர்த்தித் துண்டு ஒன்று மேஜையில் எப்போதும் இருக்கும். நூலை அதில் இழுத்துக்கொண்டால் தாளை அறுக்காது. ஊசியைக் கையில் எடுத்தபிறகுதான் உண்மையான தாமதம். குத்த வேண்டிய இடத்துக்கு மேலே ஊசியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். டீ ஆறிப்போகும்.

"குத்துங்களேன்" என்பேன்.

"துணின்னா பிரிச்சுட்டுத் தண்ணியத் தடவுனா ஓட்ட மூடிக்கும். பேப்பர்ல மூடாதுங்க. குத்துனா குத்துனதுதான். கொஞ்சம் சும்மா இருங்க" என்பார்.

அப்படி அவர் முதன்முதலில் முழுதாகத் தைத்தது ஒரு காகித ரவிக்கை. கழுத்து, கை, மார்புக்கு இடம் கொடுக்கும் டாட் மடிப்பு, பட்டி, ஊக்கு எல்லாம் முறையாக இருந்தது. யார் போட்டுக்கொள்ளப் போகிறார்கள் என்று கிண்டல் செய்தேன். "ஒருத்தரும் போட்டுக்க மாட்டாங்க. அதான் நிம்மதி. கை டைட்டா இருக்கு, பிரிச்சுக் குடுன்னு யாரும் திரும்பி வரமாட்டாங்க" என்றார்.

ரவிக்கைகள் பெருகின. ஒவ்வொன்றும் எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் அளவு. புதுக்கோட்டையில் ஒரு மண்டபத்தில் அவற்றைக் கயிற்றில் தொங்கவிட்டுக் கண்காட்சி வைத்தார்கள். ஒவ்வொன்றின் கீழும் பெயர் எழுதலாம் என்று நடத்தியவர்கள் கேட்டார்கள். மேரி மறுத்துவிட்டார். "அளவு எங்களுக்கும் அவங்களுக்கும் உள்ளது. ஊருக்குச் சொல்ல மாட்டோம்" என்றார். பார்க்க வந்த எங்கள் இலுப்பூர்ப் பெண்களோ ஒரு ரவிக்கைக்கு முன்னால் நின்று, "முதுகு இவ்வளவு எறக்கமா இருக்கே, அது நானு" என்று தாங்களே சொல்லிச் சிரித்தார்கள். அன்று மேரி நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தரையில் கால் பாவவில்லை.

தொழிலில் அவருக்கு ஒரே ஒரு பகை உண்டு. அது அளவு ரவிக்கை. எங்கள் பக்கத்தில் பல பெண்கள் டேப் வைத்து அளவெடுக்க விடமாட்டார்கள். தமக்குப் பொருந்திய பழைய ரவிக்கை ஒன்றைக் கொண்டுவந்து, இதே அளவு என்று கொடுத்துவிட்டுப் போவார்கள். "பழைய ரவிக்கைய நம்பாதீங்க. ஒடம்பு மாறியிருக்கும், அது மாறியிருக்காது. ஆளப் பாத்து அளவெடுங்க" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருப்பார்.

பிறகு அவருக்கே மார்பில் கட்டி வந்தது. திருச்சியில் ஆபரேஷன் செய்து இடது மார்பை எடுத்துவிட்டார்கள். உடம்பு தேறிக் கடைக்குத் திரும்பிய மேரி, ஈஸ்டருக்கு ஒரு ரவிக்கை வேண்டுமென்று துணியை நீட்டினார். கூடவே தன் அளவு ரவிக்கையையும் வைத்தார். நானும் வாங்கி, அதன்படியே வெட்டி, தைத்துக் கொடுத்தேன். இருவருக்கும் எதுவும் உறைக்கவில்லை. திரைக்குப் பின்னால் போய்ப் போட்டுப் பார்த்தவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. திரையை விலக்கினேன். கண்ணாடி முன்னால் நின்றார். இடது பக்கம் துணி காலியாகத் தொங்கியது.

"ஏங்க செல்வி, நம்ம ரெண்டு பேரும் டெய்லராங்க?" என்றார். சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு இருவரும் அழுதோம். முகத்தைத் துடைத்துக்கொண்டு கைகளை விரித்து நின்று, "டேப்ப எடுங்க. இப்ப உள்ள அளவ எழுதுங்க" என்றார்.

அந்தப் புது அளவில்தான் அவருடைய மிகச் சிறந்த காகித ரவிக்கை பிறந்தது. வலப்பக்கம் டாட் பிடித்திருக்கும். இடப்பக்கம் டாட் கிடையாது, தட்டையாக இருக்கும். அந்தத் தட்டையின் குறுக்கே அக்குள்வரை ஊசியால் வரிசையாகக் குத்தியிருந்தார். நூல் கோக்கவில்லை. மறந்துவிட்டாரோ என்று கேட்டேன். "டாக்டர் தையலப் பிரிச்சுட்டாரு. நூலு போயிருச்சு, ஓட்ட இருக்குல்ல. அப்படியே இருக்கட்டும்" என்றார்.

அதை எல்லோர் பார்வைக்கும் வைக்கக் கூடாது என்று செலின் மன்றாடினார். குடும்பத்து மானம் என்றார். தங்கைமேல் மேரிக்கு உயிர். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. அடுத்த கண்காட்சியில் நடுவில் தொங்கியது அந்த ரவிக்கைதான். செலின் வந்தார், பார்த்தார், வெளியே போய் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்.

சில நாட்கள் கழித்து, முன்பின் தெரியாத ஒரு பெண்மணி கடைக்கு வந்தார். மற்றவர்கள் போகிறவரை ஓரமாக உட்கார்ந்திருந்துவிட்டு, "அந்தப் பேப்பர் ஜாக்கெட்டு மாதிரி எனக்கும் அளவு எடுப்பீங்களா" என்று கேட்டார். அவருக்குப் பிறகு இன்னும் சிலர் வந்தார்கள். நார்த்தாமலைப் பக்கமிருந்தெல்லாம் வந்தார்கள். பஞ்சு வைத்துத் தைக்கச் சொன்னவர்கள் உண்டு. மேரி அதற்கு ஒருபோதும் முகம் சுளித்ததில்லை. அவரே பஞ்சை அடுக்கி, உறுத்தாமல் உறை தைத்துக் கொடுப்பார். எனக்கு அவர் வைத்த சட்டம் ஒன்றுதான்: "கேட்டவங்களுக்கு வச்சுக் குடுங்க. கேக்காதவங்களுக்கு நீங்களா வைக்காதீங்க."

அவர் தனக்கென்று ஒருநாளும் கேட்டதில்லை. அந்தக் காகித ரவிக்கைக்குப் பின் எத்தனையோ ரவிக்கைகள் அவருக்குத் தைத்திருக்கிறேன். எல்லாமே இடப்பக்கம் தட்டையானவை. அவற்றைப் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறினார், பூசைக்குப் போனார், மேடையில் நின்று பேசினார்.

எனவே செய்தி வந்த அன்று, கம்பியிலிருந்து அவருடைய தாளைக் கழற்றி வெள்ளைத் துணிமேல் விரித்தேன். கடைசியில் இளைத்துப்போயிருந்தார், பக்கவாட்டில் சற்று உள்ளே பிடித்தேன். வெட்டினேன், தைத்தேன். மிஷின் வேலை முடிந்ததும் வழக்கம்போல் துணியை மேஜையின் அந்தப் பக்கம் தள்ளினேன். அங்கிட்டு யாரும் இல்லை. அப்போதுதான் நான் அழுதேன். பிறகு நூலை அவருடைய மெழுகில் இழுத்து, ஹெம்மிங்கும் ஊக்கும் நானே செய்தேன். தையல் கோணிக்கொண்டு போயிற்று. அவர் பார்த்திருந்தால் பிரித்துப் போட்டிருப்பார்.

சாயங்காலம் போனபோது செலின் என்னை உள்ளறைக்கு அழைத்தார். ரவிக்கையை வாங்கி இடப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். "பஞ்சு வைக்கலீங்களா?" என்றார். அவர் மடியில் பஞ்சுப் பொட்டலம் ஒன்று தயாராக இருந்தது.

"அவங்க கேக்கலீங்க" என்றேன். "அவங்களுக்கு ஒரு தடவ போட்டுவிட்டுப் பாருங்க. ஒங்களுக்குச் சரியாப் படலைன்னா இங்கனயே உக்காந்து பஞ்சு வச்சுத் தச்சுத் தாரேன்."

சொல்லிவிட்டு ஊசியையும் நூலையும் எடுத்து வைத்துக்கொண்டேன். ரத்த உறவு அவர், நான் கடைக்காரி. வைக்கச் சொன்னால் வைத்துத்தான் ஆக வேண்டும்.

இருவரும் சேர்ந்து மேரிக்குப் போட்டுவிட்டோம். ஊக்குகளைச் செலின்தான் மாட்டினார். கடைசி ஊக்கை மாட்டிவிட்டு, இடப்பக்கத்தில் கையை வைத்து ஒரு சிறு சுருக்கத்தை நீவிவிட்டார். அந்தக் கையை உடனே எடுக்கவில்லை. கண்காட்சியில் மரத்தடியில் உட்கார்ந்திருந்த முகம் அது இல்லை. பஞ்சுப் பொட்டலத்தை எடுத்துப் பீரோவுக்குள் வைத்து மூடினார்.

"அக்கா அளவுதாங்க. சரியா இருக்கு" என்றார்.

மறுநாள் காலையில் ஊரே வந்து பார்த்தது. அந்தக் காகித ரவிக்கையைப் பார்த்துவிட்டுக் கடைக்கு அளவு கொடுக்க வந்த பெண்கள் சிலர் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்ளாமல் முன்வரிசையில் நின்றார்கள்.

போய் வாருங்கள், மேரி. ஹெம்மிங் கோணல்தான், மன்னிக்க வேண்டும். ஆளைப் பார்த்துத்தான் அளவெடுத்தேன்.