இடது கறுப்பு, வலது சாம்பல்

எங்கள் மலையில் சாமை உமிக்கு எந்த மரியாதையும் கிடையாது. காற்றில் பறந்தது போக மிச்சம் எருக்குழிக்குத்தான். அதை மூட்டை கட்டி, திருப்பத்தூர் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போன ஒரே ஆள் என் அத்தை. அங்கே செருப்புக்கு ரப்பர் அடி செய்யும் கம்பெனியில் அவருக்கு வேலை. "உமிய குத்தி கை நொந்த கதையா போவப்போவுது" என்று அப்பா கிண்டல் செய்வார்.

ஒருமுறை அத்தை எனக்குச் செருப்பு கொண்டுவந்தார். இடது கறுப்பு, வலது சாம்பல் நிறம். ரப்பர் தேயாமல் உழைக்க, எண்ணெயை எரித்து எடுத்த கரித்தூளைக் கலப்பார்களாம். வலதில் அதற்குப் பதில் எங்கள் உமியைச் சுட்ட சாம்பல்.

"ரெண்டையும் போட்டுகினு பள்ளிக்கூடம் போ கண்ணு. எது தேயுதுன்னு அடுத்த அறுப்புக்கு வந்து பாக்கறேன். வலது நின்னுச்சுன்னா நம்ம உமிய கம்பெனியே வாங்கும். மொதலாளி ஒத்துக்கினாரு."

பள்ளியில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கோ கர்வம் தாங்கவில்லை. என் முதல் செருப்பு அது.

அடுத்த அறுப்புக்கு வந்ததும் அத்தை வலதைத் திருப்பிப் பார்த்தார். கோடுகூட அழியவில்லை. முகம் மலர்ந்தது. இடதைத் திருப்பினார். அதுவும் புதிதாகவே இருந்தது.

"இன்னாடி இது, போடவே இல்லியா?"

"தெனம் போடறேன் அத்தே. பள்ளிக்கூடத்தாண்ட போய்ட்டுப் போட்டுக்குவேன். வழியெல்லாம் கல்லு, தேய்ஞ்சிடுமில்ல? கையிலதான் எடுத்துகினு போவேன்."

மலையில் எல்லோருமே அப்படித்தான். செருப்பு காலில் ஏறுவது கல்பாதை முடிந்து தார்ரோட்டை எட்டிய பிறகுதான். பாராட்டுவார் என்று காத்திருந்தேன்.

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அத்தை என் காலைத் தூக்கி மடியில் வைத்து, செருப்பைப் பார்த்தது போலவே திருப்பிப் பார்த்தார். வெடித்த குதிகாலைத் தடவியபடி அழுதார். என் முகம் சுண்டிப்போயிற்று. செருப்பு தேயவில்லை என்று யாராவது அழுவார்களா? முதலாளிக்குப் பயந்து அழுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் கழற்றாமல் நடந்தேன். இரண்டுமே தேய்ந்தன, வலது கொஞ்சம் குறைவாக. இப்போது அறுப்பு முடிந்தால் உமிக்கு வண்டி வருகிறது.

பின்னாளில்தான் தெரிந்தது, அத்தையும் அதே கல்பாதையில், செருப்பைக் கையில் பிடித்துப் பள்ளிக்கு நடந்தவர்தான். அன்று அவர் மடியில் இருந்தது என் கால் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.