இரண்டாவது மில்

ஃபிஜித் தீவில் தவுவா ஊருக்கு மேலே இருந்த தங்கச் சுரங்கத்தில் நான் ஃபிட்டராக இருந்தேன். கல்லை அரைக்க அங்கே ஒரே ஒரு மில்தான்: உள்ளே இரும்புக் குண்டுகள் உருண்டு பாறையை மாவாக்கும் பெரிய உருளை. அது போதவில்லை என்று பக்கத்திலேயே இரண்டாவது மில்லைக் கட்டத் தொடங்கினோம். அஸ்திவாரம் காய்ந்துகொண்டிருந்தபோதுதான் இந்தியர்கள் நிறைந்த புது அரசாங்கத்தைக் கவிழ்க்க, தலைநகர் சுவாவில் ராணுவம் பாராளுமன்றத்துக்குள் புகுந்துவிட்டதாக ரேடியோ சொன்னது. வேலை நிற்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் எல்லோரும் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்தோம்.

அதன்பின் எங்களைப் போன்ற இந்திய வம்சாவளி ஆட்கள் குறைந்தார்கள். வெல்டர் கனடா போனார். எலெக்ட்ரீஷியன் ஆக்லாந்திலிருந்த அக்கா வீட்டுக்கு லீவில் போனவர், திரும்பவேயில்லை.

என் மனைவியின் தம்பியும் என்னோடுதான் வேலை செய்தான். ஒரு நாள் பேரிங்குக்கு கிரீஸ் வைத்தபடியே சொன்னான்.

"மாமா, ஆஸ்திரேலியா பேப்பர் வந்திச்சி. அடுத்த வாரம் கிளம்பறேன்."

"மில்லு ஓடறவரைக்கும் இருக்கமாட்டியா?"

"மில்லு எப்பிடியும் ஓடும் மாமா. நம்ம புள்ளைங்க இங்க என்னா பண்ணும்?"

கிரீஸ் டப்பாவை அவன் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

அவன் போனபின் நானும் ஃபிஜியின் பூர்வகுடியான எங்கள் ஃபோர்மேனும், கரும்புத் தோட்டத்திலிருந்து புதிதாக வந்த இரண்டு பேரும் மீதியை முடித்தோம். மில் சுற்றத் தொடங்கியதும் எல்லோரும் கை குலுக்கினார்கள். நான் சிமெண்டு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷம் வரவில்லை, முழங்கால்தான் வலித்தது. இனி இரண்டு மில்லையும் நாங்கள்தான் பார்க்க வேண்டும். வீட்டில் பல நாள் தட்டின் முன்னாலேயே தூங்கிப்போனேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வர நேரமானால் மனைவி வாசலுக்கும் உள்ளுக்குமாக நடப்பாள்.

சில மாதம் கழித்து மச்சினன் போன் செய்தான்.

"டங்ஸ்டன் சுரங்கத்துல வேலை கெடச்சிச்சி மாமா."

"டங்ஸ்டனா? அது என்னா?"

"பல்புக்குள்ள எரியற கம்பி இருக்கில்ல, அது. இங்கயும் இருக்கற மில்லு பத்தலன்னு இன்னொண்ணு போடறாங்க. ஆள் இல்ல. நீங்க வாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல், கண்ணில் நீர் வரச் சிரித்தேன். மனைவி போனை என் கையிலிருந்து வாங்கி, "வரோம்டா" என்றாள். என்னைக் கேட்கவில்லை. நானும் மறுக்கவில்லை.

ஃபோர்மேனிடம் சொன்னபோது, "தும் பீ?" என்றார். அங்கே எல்லோரும் பேசும் ஹிந்தியில் நீயுமா என்கிறார். நான் தலையாட்டினேன். என் தோளை ஒருமுறை அழுத்திவிட்டு மில் பக்கம் நடந்தார்.

ஆஸ்திரேலியாவில் அதே ஸ்பேனர், அதே தூசி. மச்சினனும் நானும் அந்த மில்லையும் கட்டி ஓடவிட்டோம். வேலை குறையவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வர நேரமானாலும் மனைவி இப்போது வாசலுக்கும் உள்ளுக்குமாக நடப்பதில்லை.