சகலைக்கு வலிக்காத கால்

நாங்கள் இருவரும் சர்க்கரைக்காரர்கள். இருவரும் நூறு கிலோவைத் தாண்டியவர்கள். இருவருக்கும் ஒரே செருப்புக் கடையில் வேலை. சகலை, அதாவது என் மனைவியின் தங்கை கணவன், அங்கே சேர்ந்ததே என் சிபாரிசில்தான். மாடிக் கிடங்கிலிருந்து பெட்டி எடுத்துவரப் பதினெட்டுப் படி. பத்தாவது படியில் என் கெண்டைக்கால் இறுகிக் கல்லாகிவிடும், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவன் அத்தனை தொப்பையையும் சுமந்துகொண்டு விசிலடித்தபடி என்னைத் தாண்டிப் போவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வீட்டிலும் அதே பாட்டுதான். "உங்க சகலையப் பாருங்க, ஒரு நாளாவது கால் வலிக்குதுன்னு சொல்லியிருக்காரா?" என்பாள் மனைவி. வேளை தவறாமல் மாத்திரை போடுபவன் நான். சர்க்கரையில்லாத டீ குடிப்பவன் நான். அவனோ மதியம் இரண்டு கேக்கை உள்ளே தள்ளிவிட்டு விரலில் ஒட்டிய க்ரீமையும் விடமாட்டான். கடவுளுக்குக் கண் இல்லையா என்று எனக்கு வயிறு எரிந்தது. மறைக்க என்ன இருக்கிறது?

எங்கள் கடையில் ஒரு பழக்கம். புது ஷூ கடிக்கிறது என்று யாராவது திருப்பிக் கொண்டுவந்தால் மாற்றித் தரமாட்டோம். எங்களில் ஒருவர் அதை அரை நாள் போட்டு நடந்து, தோலை இளக்கிக் கொடுப்போம். மற்றவர்கள் ஒரு மணி நேரத்தில் முகம் சுளித்துக் கழற்றிவிடுவார்கள். சகலை காலையில் மாட்டினால் சாயங்காலம்தான் கழற்றுவான். "இவன் காலு இரும்புய்யா" என்று முதலாளி எல்லார் முன்னாலும் அவனைத் தட்டிக்கொடுப்பார்.

அதற்கப்புறம் நான் செய்தது அற்பத்தனம். இறுக்கமான ஷூ எது வந்தாலும் தேடிப்பிடித்து அவனிடமே கொடுத்தேன். ஒரே ஒரு தடவை அவன் "அம்மா" என்று முனகவேண்டும், அதை நான் கேட்கவேண்டும், அவ்வளவுதான். ஒருநாள் அவன் அளவைவிட ஒரு எண் சின்னதாக ஒரு ஜோடி வந்தது, முன்பக்கம் பலகை மாதிரி.

"கொஞ்சம் டைட்டா இருக்கும் சகல."

"குடுங்கண்ணே, நமக்கென்ன!"

மூன்று நாள் போட்டான். முனகவேயில்லை.

இரண்டு வாரம் கழித்து என்னால் பாதிப் படிகூட ஏறமுடியாமல் டாக்டரிடம் போனேன். கையிலும் கணுக்காலிலும் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்த்தார்.

"சர்க்கரையும் உடம்பு எடையும் சேர்ந்து ரத்தக்குழாயோட உள்பக்கத்தக் கெடுத்திருக்கு. அங்க கொழுப்பு படிஞ்சு வழி குறுகிடுச்சு. நடக்கும்போது தசைக்கு ரத்தம் பத்தல, அதான் வலி. நல்லவேளை வலிச்சுது, வந்தீங்க."

"என் சகலைக்கும் இதே சர்க்கரை, இதே எடை டாக்டர். அவருக்கு மட்டும் ஏன் வலிக்கல?" என் குரலில் இருந்த ஆற்றாமை எனக்கே கேட்டது.

அவர் எழுதுவதை நிறுத்தினார். "சர்க்கரை நரம்பையும் கெடுக்கும். கால் மரத்துப் போயிருந்தா வலி எப்படித் தெரியும்? அவர் பாதத்த இன்னைக்கே பாருங்க."

ஓடினேன் என்று சொல்ல ஆசைதான். நொண்டிக்கொண்டுதான் போனேன். கடை ஸ்டூலில் அவனை உட்காரவைத்து ஷூவை உருவினேன். சாக்ஸ் விரலோடு ஒட்டியிருந்தது. சுண்டுவிரலும் அதற்கடுத்ததும் கறுத்திருந்தன. அவன் குனிந்து பார்க்கப் பார்த்தான், தொப்பை விடவில்லை.

"என்னண்ணே, நாறுதா?" என்று சிரித்தான்.

அவனுக்கும் ரத்தக்குழாய் குறுகியிருந்தது. ரத்தம் போய்ச் சேராத இடத்தில் புண் ஆறவில்லை. முதலில் இரண்டு விரலை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

அவனைப் பார்க்கப் போன அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு தடவை நின்றேன். தினமும் நடக்கவேண்டும், வலித்தால் நின்றுவிட்டு மறுபடி நடக்கவேண்டும் என்பது எனக்கு டாக்டர் உத்தரவு. நான் நின்று நின்று வருவதைக் கட்டிலில் படுத்தபடி அவன் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். ஷூ விஷயத்தைச் சொல்லிவிடத்தான் போயிருந்தேன்.

"சகல, அந்த டைட் ஷூவ நான் வேணும்னுதான் உனக்கு..."

"வலிக்குதாண்ணே?"

"ஆமா."

"எங்க?"

கெண்டைக்காலைக் காட்டினேன். அவன் கை நீட்டி அந்த இடத்தைத் தொட்டான். கையை எடுக்கவேயில்லை.

"குடுத்து வச்சவர்ண்ணே நீங்க," என்றான்.