சிவப்புப் புள்ளி வைக்காத பொட்டலம்

இதையெல்லாம் நம் ஊர் ஃபேஸ்புக் பக்கத்தில் எழுதுவதற்கு மன்னித்துவிடுங்கள். நேரில் பேச எனக்கு வாய் வராது.

கேளம்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பில் குப்பைக்கு விதி உண்டு. பச்சைத் தொட்டியில் ஈரக் குப்பை, நீலத்தில் உலர்ந்தது. நாப்கினைப் பேப்பரில் சுற்றி, சிவப்புப் புள்ளி வைத்து, காலையில் வாசலில் தனியாக வைக்க வேண்டும்.

எதிர் வீட்டில் பேச்சிலர் பையன்கள். அவர்கள் கண்ணில் படுமே என்று, இன்று புள்ளி வைக்காமல் எங்கள் வாசலில் இருக்கும் நீலத் தொட்டிக்குள் அமுக்கிவிட்டேன்.

தொட்டிகளைச் சோதிக்க வந்த குடியிருப்புச் சங்கச் செயலாளர் பொட்டலத்தைக் குச்சியால் பிரித்தார். போட்டோ எடுத்தார். கதவு எண் தெரியவில்லை என்று இன்னொன்றும் எடுத்தார்.

"சார், வேணாம் சார்."

"குரூப்ல போட்டாதாம்மா புத்தி வரும்."

உடனே குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் படம் வந்தது.

மாடி வீட்டு அக்கா எழுதினார்: "டிகிரி படிச்ச பொண்ணாம். ஒரு புள்ளி வைக்கத் தெரியல."

எதிர் வீட்டுப் பையன் எழுதினான்: "சார், புள்ளி உள்ளாரவே கீதே!"

அதற்குத்தான் நிறைய சிரிப்புப் பொம்மைகள். அக்காவும் ஒன்று போட்டிருந்தார்.

நாளையிலிருந்து பொட்டு அளவுக்கு இல்லை, தட்டு அளவுக்கே புள்ளி வைக்கிறேன்.

ஆனால் அந்தக் குழுவில் அப்பாவும் இருக்கிறார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஷேர் ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்து படங்களை மட்டும் பார்ப்பார். புரியாததை என்னிடம் காட்டி, "இன்னாம்மா போட்டுக்கீறாங்க?" என்று கேட்பார்.

எங்கள் செயலாளரைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், சாயங்காலம் அப்பா வருவதற்குள் அந்தப் படத்தை நீக்கச் சொல்லுங்களேன்.